மூளையலையும் உயிரறிவும்

பிறர் மதம் மறுத்துத் தம் மதம் நிறுவும் நெறியிற் சைவ சித்தாந்த ஆசிரியர் முதற்கண் எதிர்கொள்வது உலகாயதம். அருணந்தி சிவாசாரியார் அருளிய சிவஞான சித்தியார்ப் பரபக்கத்திலும் முதற்கண் நிற்போன் உலகாயதனே. வெற்றிலையும் பாக்கும் சுண்ணமும் கூடியவழிச் செம்மை தோன்றுமாறுபோலப் பூதங்கள் கூடியவழி அறிவு தோன்றும்; அவை பிரிந்தவழி அவ்வறிவும் ஒழியும்; உயிரென வேறொன்று இல்லை என்பது அம்மதத்தார் கொள்கை. இக்கொள்கை பழையதாய் ஒழிந்துபோயிற்று என்று கருதுவார் பலர். அஃது ஒழியவில்லை, மூளைநூலின் மொழியைப் போர்த்துக்கொண்டு புதியதுபோல் உலவுகின்றது. "மூளையில் எழும் மின்னலையே எண்ணம், அலையின் வடிவே மனத்தின் வடிவு" என்பது அதன் இக்காலத்துக் கூற்று. அக்கூற்றிற் கொள்ளத்தக்கது யாது, தள்ளத்தக்கது யாது என்பது ஈண்டு ஆராயப்படும்.

இவ்வாராய்ச்சியின் தோற்றம் முன்னர் அறியற்பாலது. ஜெர்மனி தேசத்து ஜேனா நகரில் மனநோய் மருத்துவராயிருந்த ஹான்ஸ் பெர்கர் என்பார், 1924 ஆம் ஆண்டில் மனிதர் தலைமேல் மின்வாய்களைப் பொருத்தி, மூளையினின்று எழும் மிக நுண்ணிய மின்னோட்டத்தை முதன்முதலாகப் பதிவு செய்தார். 1929 இல் அதனை உலகிற்கு வெளியிட்டார். விழித்திருக்கும் ஒருவர் கண்களை மூடி அமைதியாயிருக்குங்கால் நொடிக்கு 8 முதல் 13 முறை ஏறியிறங்கும் ஒழுங்கான அலையொன்று தோன்றுதலையும், கண் திறந்தவுடன் அது மெலிதலையும் அவர் கண்டார். அதற்கு ஆல்பா அலை என்பது பெயர். அறிஞருலகம் சில ஆண்டுகள் அவர் கூற்றை ஐயுற்றது. 1934 இல் கேம்பிரிட்ஜைச் சார்ந்த ஏட்ரியனும் மாத்யூஸும் அதனை மெய்ப்பித்துக் காட்டிய பின்னரே அது நிலைபெற்றது.

பெர்கரை இத்துறைக்கு உந்திய நிகழ்ச்சி வியப்பிற்குரியது. இளமையிற் படைப்பயிற்சியின்போது அவர் குதிரையினின்று வீழ்ந்து மயிரிழையில் உயிர் தப்பினார். அன்றே தொலைவிலிருந்த அவருடைய உடன்பிறந்தாள் அவருக்குத் தீங்கு நேர்ந்ததென்று அஞ்ச, தந்தையார் நலம் வினவித் தந்தி விடுத்தார். ஒருவர் உள்ளத்து நிகழ்ச்சி மற்றொருவர் உள்ளத்திற் பாயும் வழி யாது என்னும் வினா அவரை அன்றே பற்றிக்கொண்டது. அவர் தேடியது மனத்தின் ஆற்றல். கண்டது மூளையின் மின்னோட்டம். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தொலைவு இன்றளவும் கடக்கப்படவில்லை என்பதை மறவாதிருத்தல் வேண்டும்.

இனி, தமிழ்நாட்டிலேயே நிகழ்ந்த ஓர் ஆராய்ச்சியை எடுத்துக்கொள்க. தன்யா பரமேசுவரன், தாரா தியாகராசன் என்னும் இருவர் 2017 இல் வெளியிட்ட அவ்வாராய்ச்சியில், சிற்றூர் முதற் பெருநகர் ஈறாகப் பல்வேறிடங்களில் வாழும் சுமார் 400 பேருடைய மூளையலைகள் அளக்கப்பட்டன. மேனாட்டு ஆய்வுக்கூடங்களில் மனித இயல்பென்றே கொள்ளப்பட்ட ஆல்பா அலை, வருவாய் மிக்கு, தொலைப்பயணமும் இக்காலக் கருவிகளும் வாய்ந்தோரிடத்து வலிதாகவும், அவை வாயாத சிற்றூரார் பலரிடத்து மிக மெலிதாகவும் காணப்பட்டது என்பது அதன் முடிபு. இம்முடிபு பொருட்படுத்தத் தக்கதே. ஒரு நாட்டு மாணாக்கர் சிலரை அளந்து அதனை உலக மாந்தர் அனைவர்க்கும் இலக்கணமாக்கும் வழக்கத்திற்கு அது நல்லதொரு கண்டனமாகின்றது. ஆயின் அதனைக் கேட்போர் பலர் அவ்வளவில் நில்லாது, "அலை மெலிந்தவிடத்து மனமும் மெலிந்தது போலும்" என்று தாமே ஒரு படி மேலேறி விடுகின்றனர். பிழை ஆங்கே தொடங்குகின்றது.

அப்பிழையின் அளவை அறிய, அளக்கப்படுவோர் எத்தகையோர் என்பதை ஓரிடத்து வைத்துக் காண்டல் நலம். சென்னைக்கு வடக்கே கடலோரத்துக் கிடப்பது பழவேற்காட்டு ஏரி. சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவிற் பெரிய உவர்நீர்க் காயல் அஃது. அதன் பெரும்பகுதி ஆந்திர நாட்டிலும், தென்கோடி தமிழ்நாட்டிலும் உளது. ஆரணியாறும் காளங்கியாறும் நன்னீர் கொணர, முகத்துவாரம் வழியே கடல்நீர் புக, இரண்டும் கலந்து பருவந்தோறும் உவர்ப்பு வேறுபடும் நீர் அது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் முதலிய ஊர்களின் மீனவர், பாடு என்னும் முறையால் அந்நீர்ப்பரப்பை இன்ன நாள் இன்ன இடம் இன்னார்க்கு உரியது எனப் பகிர்ந்து இறால் பிடித்து வந்துள்ளனர். உவா நாளின் நீரேற்றமும் வற்றமும், வாடையும் சோழகமும், சேற்றின் நிறமும், நீரின் சுவையும் அறியாதார்க்கு அப்பாட்டில் ஒரு நாளும் பயன் இல்லை. அவ்வேரியிலேயே இருளர் வகுப்புப் பெண்டிர், பனையோலையால் முடைந்த பறியை உடன்கொண்டு, கலங்கிய நீரிற் கைவிட்டுத் துழாவி இறாலைப் பற்றுவர். கண்ணாற் காணப்படாததை விரல் நுனியால் இஃது இறால், இது முள்மீன், இது வெறுஞ்சேறு என்று நொடியிற் பிரித்தறியும் அறிவு அவர்க்குளது. வருவாயும் பயணமும் மின்கருவியும் குறைந்தோர் என்னும் பட்டியலில் இவர்தம் பெயர் முதற்கண் வரும். இவர்தம் மனம் மெலிந்தது என்று எந்த அளவுகோல் கொண்டு கூறுவது?

அலை மெலிதற்குக் காரணம் பல. ஆல்பா அலை அறிவின் அளவன்று. அது பெரும்பாலும் காட்சிக்கு வேலையின்றி உள்ளம் ஓய்ந்திருக்கும் நிலையின் குறி. ஒருவர் விழிப்புடன் ஒன்றைக் கூர்ந்து நோக்குமிடத்தும், அச்சமுற்றவிடத்தும் அது மெலியும். உறக்கம் கவ்வத் தொடங்குமிடத்தும் மெலியும். இரவெல்லாம் வலையருகே விழித்திருந்த ஒருவரைப் பகலிற் கண்மூடச் சொன்னால் அவர் ஓய்வில் நில்லாது துயிலிற் சாய்தல் கூடும். முன்பின் காணாத கருவியைத் தலையிற் சூட்டப்பெற்றவர் கண்ணை மூடினும் செவியையும் உள்ளத்தையும் மூடார். நலமுடைய மாந்தருள்ளும் சிலர்க்கு அவ்வலை இயல்பாகவே மெலிந்திருப்பதுண்டு. ஆதலால் அலையின் மெலிவு கண்டவிடத்து அதன் காரணம் இவற்றுள் யாது என்று வினவாது மனத்தின் தரம் கூறுதல், ஏரிமேல் நீர் சுழிக்கக் கண்டு கீழே மீன் உளது என்று துணிதலை ஒக்கும். சுழிப்பு மீனாலும் வரும், காற்றாலும் வரும், அடியோட்டத்தாலும் வரும். அறிந்த மீனவர் சுழிப்பைப் புறக்கணியார். ஆயினும் சுழிப்பையே மீனென்று கூடையில் இடவும் மாட்டார். பருவமும் காற்றும் நீரும் சேர்த்து நோக்கி, வலை வீசிப் பார்த்தே துணிவர்.

மீனைக் கூறியவிடத்து மற்றொன்றும் நினைவிற்கு வரற்பாலது. அமெரிக்க நாட்டு ஆய்வாளர் கிரெய்க் பென்னட் என்பாரும் அவர்தம் துணைவரும், செத்த சால்மன் மீன் ஒன்றை மூளைநோக்குங் காந்தப் பொறியில் வைத்து, சமூகச் சூழல்களில் உள்ள மாந்தர் படங்களை அதற்குக் காட்டி, அவர்தம் உணர்ச்சிகளை ஊகிக்குமாறு 'பணித்து', வழக்கமான கணக்கிட்டனர். செத்த மீனின் மூளையில் 'செயல்' விளங்கும் இடங்கள் படத்தில் ஒளிர்ந்தன! 2009 இல் அறிவிக்கப்பட்ட இச்சோதனை ஏளனத்திற்காகச் செய்யப்பட்டதன்று. ஆயிரக்கணக்கான சிறு கூறுகளை ஒருங்கே அளந்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதிக்குங்கால், தற்செயலால் ஒளிரும் சிலவற்றைத் திருத்தும் கணக்கு முறை வேண்டும். அஃது இல்லையேல் செத்ததும் சிந்திப்பதாகத் தோன்றும் என்பதை எச்சரித்தற்கே செய்யப்பட்டது. திருத்தங் கணக்கிட்டவுடன் அவ்வொளி மறைந்தது. மூளைநூலார் தம் குற்றத்தைத் தாமே எடுத்துக் காட்டிய இந்நேர்மை போற்றற்குரியது. படத்தைக் கண்டவுடன் 'மனத்தைக் கண்டேன்' என்று மகிழ்வோர் இதனை நெஞ்சிற் பதித்துக் கொள்வாராக.

அற்றேல், "தலையிற் காயம்பட்டார்க்கு நினைவு கெடுகின்றது, மயக்க மருந்தால் அறிவு ஒடுங்குகின்றது, மூளையின் இன்ன பகுதி கெடின் இன்ன சொல் வாராது, ஆதலின் மூளையே அறிவு அன்றோ?" என்று உலகாயதர் வினவுவர். இவ்வினா வலிதே, எள்ளி நகைத்து ஒதுக்கற்பாலதன்று. ஆயினும் சித்தாந்தம் இதனால் இடர்ப்படுவதில்லை. உயிர் தானே தனித்து நின்று எல்லாம் அறியும் என்பது சித்தாந்தக் கொள்கை அன்று. ஆணவ இருளில் மறைந்து கிடக்கும் உயிர், கருவிகளோடு கூடியவழியன்றி ஒன்றையும் அறியமாட்டாது. இருளில் உள்ள கண் விளக்கொளியின் துணையாற் காணுமாறு போல, மாயையின் காரியமாகிய கருவிகளின் துணையால் உயிர் அறியும். மெய்கண்ட தேவர் சிவஞான போதத்து நான்காஞ் சூத்திரத்தில் அந்தக்கரணங்களுக்கும் உயிருக்கும் உள்ள இயைபை அமைச்சர்க்கும் அரசற்கும் உள்ள இயைபாகக் காட்டினமை இது பற்றியே. அமைச்சர் நோயுற்றால் அரசன் ஆணை நடவாது. அதனால் அமைச்சரே அரசர் ஆகார். கருவி கெடின் அறிவு தடைப்படும் என்பது சித்தாந்தத்திற்கு மாறாகாது. அதன் உட்கிடையே யாம்.

அதனாற் கருவியை ஆராய்தல் சைவர்க்கு வெறுப்பாதற்கில்லை. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்து மூளை மையத்தார், கருவிலுள்ள சிசுவின் மூளையை 5,132 நுண்சீவல்களாகப் படம் பிடித்து, 'தரணி' என்னும் பெயரால் 2024 டிசம்பரில் உலகிற்கு வெளியிட்டனர். தத்துவம் தொண்ணூற்றாறு என எண்ணி, ஒவ்வொன்றின் தொழிலையும் பிரித்துரைத்த முன்னோர் வழி வந்தவர், மாயேயத்தின் நுட்பத்தை இங்ஙனம் விரித்துக் காட்டுவாரைப் பகைவராகக் கருதுதல் தகாது.

ஆயினும் ஒன்று தெளிவாகக் கூறப்படல் வேண்டும். மூளை மாறுங்கால் மனமும் மாறும் என்பது, மூளையே மனம் எனினும் பொருந்தும். மூளை உயிர்க்குக் கருவி எனினும் பொருந்தும். இரண்டு கொள்கையும் ஒரே இயைபை எதிர்பார்க்கின்றன. ஆகவே அவ்வியைபு ஒன்றே கொண்டு உலகாயதர் வென்றதாகக் கூறுதலும் பிழை. அதே இயைபைக் காட்டிச் சித்தாந்தம் மெய்ப்பிக்கப்பட்டது என்று சைவர் முழங்குதலும் பிழை. உயிருண்மைக்கு மெய்கண்டார் மூன்றாஞ் சூத்திரத்திற் காட்டும் ஏதுக்கள் வேறு இனத்தன. யாதும் இல்லை என்று மறுத்துக் கூறுவது ஒன்று உண்டாதல். 'எனது உடம்பு' என்று உடம்பைத் தன்னின் வேறாக்கி வழங்குதல். ஓரோர் புலனே அறியும் ஐம்பொறிகளையும் கடந்து ஐந்தையும் ஒருங்கறிதல். கனவை நனவில் வைத்துணர்தல். அறிவிக்க அறிதல் முதலியன அவை. இவை அறிபவன் தன்னிடத்தே தான் காணும் சான்றுகள். மின்வாய் புறத்தே நின்று காட்டும் சான்று இவற்றை நிறுவவும் மாட்டாது, வீழ்த்தவும் மாட்டாது.

இவ்வெல்லையை மறந்து, அவத்தை ஐந்தனையும் மூளையலைகளோடு ஒன்றுக்கொன்று நேர் வைத்து, விரைவலை சாக்கிரம், மென்மையலை சொப்பனம், ஆழ்துயிலின் பேரலை துரியம் என்றெழுதும் சைவ அன்பர் சிலர் உளர். அவர்தம் ஆர்வம் நன்று, முடிபு நன்றன்று. சாக்கிரத்திற் கருவி 35, சொப்பனத்தில் 25, சுழுத்தியில் 3, துரியத்தில் 2, துரியாதீதத்தில் 1 எனவும், அவற்றின் இடம் முறையே புருவநடு, கண்டம், இதயம், உந்தி, மூலாதாரம் எனவும் நூல்கள் கூறும். ஐந்தனுள் தலையின்கண் வைக்கப்பட்டது ஒன்றே. ஏனைய நான்கையும் தலைமேற் பொருத்திய மின்வாய் அளந்தது என்பது எங்ஙனம்? அன்றியும், கீழாலவத்தையின் துரியாதீதம் ஆணவ இருளில் உயிர் அறிவற்றுக் கிடக்கும் நிலை. நின்மலாவத்தையின் துரியாதீதம் திருவருளில் அழுந்தி நிற்கும் நிலை. ஆழ்ந்த துயிலைப் பேரின்பத்தோடு ஒப்பிடுவார் இவ்விரண்டையும் ஒன்றாக்கிக் கேவலத்தைச் சுத்தமென மயங்குகின்றனர். புதுநூலுக்குப் பழநூலை இணக்க முயன்று பழநூலையே இழந்த கதை இது.

1961 இல் புதுதில்லியில் ஆனந்து, சின்னா, பல்தேவ் சிங் என்னும் மூவர் யோகியர் சிலரை அளந்து வெளியிட்ட செய்தியும் இவ்வாறே மிகைபடக் கூறப்படுகின்றது. யோகத்தில் அமர்ந்தவரிடத்து ஆல்பா அலை நிலைத்து நின்றதும், பேரொளி, பேரொலி, சூடு இவற்றால் அது கலையாமையும், நெடும்பொழுது தண்ணீரிற் கையமிழ்த்திய இருவரிடத்தும் அது மாறாமையும் அவர் கண்டனர். பொறிவழிச் செல்லாது உள்ளத்தை நிறுத்தல் கூடும் என்பதற்கு அது நல்ல குறி. சிவாநுபவத்திற்கு அது குறியாகாது. அன்பினாற் கசிந்தார்க்கும் அன்பின்றிப் பழக்கத்தால் அசையாதிருந்தார்க்கும் அலை ஒன்றேயாதல் கூடும். திருவருள் வேறுபாட்டைத் தாளிற் கோடு காட்டாது.

அங்ஙனமாயின் மூளைக்குறி எதற்கும் பயன்படாதோ எனின், பயன்படும். உயிர் தானே சான்று பகர அது வழிவிடுமிடத்துப் பெரிதும் பயன்படும். 2006 இல் ஏட்ரியன் ஓவன் என்னும் ஆங்கில ஆய்வாளர், ஊர்தி விபத்திற்குப்பின் உணர்வற்றவராகக் கருதப்பட்ட 23 வயது நங்கை ஒருத்தியைக் காந்தப் பொறியில் வைத்து, 'டென்னிஸ் ஆடுவதாக எண்ணுக' என்றும், 'நின் வீட்டு அறைகளில் நடப்பதாக எண்ணுக' என்றும் சொல்ல, நலமுடையார் மூளையில் விளங்கும் அதே வேறுபாடு அவள் மூளையிலும் விளங்கிற்று. 2010 இல் இத்தகையாரும் சிற்றுணர்வினருமாகிய 54 பேரைச் சோதித்தபோது ஐவர் அங்ஙனம் விடையிறுத்தனர். ஈண்டு நிகழ்ந்தது யாது? புறத்தார் ஒருவர் உணர்த்தினார். அகத்தே ஒருவர் உணர்ந்து, தாமே விரும்பி, கருவியை இயக்கினார். கை அசையாத ஒருவர் கருவி வழியே 'உளேன்' என்றார். அலை அவரைப் பற்றித் தீர்ப்புக் கூறவில்லை. அவர் அலையைக்கொண்டு பேசினார்.

இம்முறை தலைகீழாகுமிடத்து விளைவது கொடுமை. குற்றஞ் சாட்டப்பட்டவரைக் கண்மூடி அமர்த்தி, குற்றச் செய்திகளைப் படித்துக் காட்டி, அவர் வாய் திறவாதிருக்க அவர் மூளையலையினின்று 'இவர் இதனைச் செய்த அநுபவமுடையார்' என்று கூறும் சோதனை இந்நாட்டில் வழங்கிற்று. 2008 இல் மராட்டிய நாட்டு நீதிமன்றம் ஒன்று அதனையும் ஒரு சான்றாகக் கொண்டு தீர்ப்பளித்தது. செய்தவர்க்கும், பிறர் சொல்லக் கேட்டவர்க்கும், வினவப்பட்டு வினவப்பட்டு அஞ்சியவர்க்கும் அச்செய்தி பழகியதாகவே இருக்கும் என்பதை அலை அறியுமோ? 'செல்வி எதிர் கருநாடக அரசு' என்னும் வழக்கில் உச்சநீதிமன்றம் 2010 மே 5 ஆம் நாள், ஒருவர் இசைவின்றி இச்சோதனையை அவர்மேற் செலுத்துதல் அரசியற் சட்டத்தின் 20(3), 21 ஆம் பிரிவுகளுக்கு மாறு என்று தீர்ப்பளித்தது. தனக்கெதிராகத் தானே சான்று கூற ஒருவரை வலிந்து செலுத்தலாகாது என்பது அதன் சாரம். உயிரின் இசைவின்றி அதன் கருவியைப் பேசவைத்து, அதனை உயிரின் சொல்லெனக் கொள்ளலாகாது என்னும் சித்தாந்த நியாயமும் அதனோடு ஒத்து நிற்கின்றது.

இனி, முற்கூறிய ஏரிக்கரைக்குத் திரும்புக. உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்பினது. பளிங்கு தன்னையடுத்த நிறத்தைக் காட்டுமாறு போல, அது தான் சார்ந்த நிலத்தையும் தொழிலையும் தன் கருவிகளிற் காட்டும். நெடுஞ்சாலையையும் மின்கருவியையும் சார்ந்தவர் மூளை ஒருவகை அலை காட்டுதலும், உவர்நீரையும் இரவையும் வலையையும் சார்ந்தவர் மூளை வேறுவகை காட்டுதலும் அதனால் வியப்பன்று. தமிழ்நாட்டு ஆராய்ச்சி காட்டிய வேறுபாட்டிற்கு உரிய பொருள் இதுவே: சார்பு வேறுபாடு, உயிரின் தர வேறுபாடு அன்று. ஆணவம் எவர்க்கும் ஒன்றே. திருவருளும் எவர்க்கும் ஒன்றே. கருவி பற்றி உயிரை உயர்வு தாழ்வு கூறுவார், பறியின் அளவைக் கண்டு அதனை ஏந்துவாள் அறிவை அளப்பாரேயாவர்.

ஆகலின், மூளையலையைக் குறியென்று கொள்வார் மூளைநூலுக்கு நல்ல மாணாக்கர். அதனையே அறிவென்று கொள்வார் உலகாயதர்க்குப் புதிய மாணாக்கர். அதனையே அநுபூதியென்று கொள்வார் சித்தாந்தத்தை இன்னும் ஓதாதவர். கலங்கல் நீரிற் கைவிட்டு இறாலை நாடுவாளது அறிவை அறிய விரும்புவார், அலைவரையை மட்டும் நோக்கி அமையாது, அவளையே வினவி, அவள் மறுமொழியைச் செவிதாழ்த்திக் கேட்பாராக. உணர்த்த உணரும் உயிர்க்கு அதுவே உரிய முறை.